ரப்பர்ச் செடியும் கிழக்கு ஜன்னலும்

குலசேகரத்திலும் கீரிப்பாறையிலும் ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்தே வளர்ந்த நம் ஜில்லாக்காரர்களுக்கு, ரப்பர் என்ற பெயருடைய எதையும் தாங்கள் பூரணமாக அறிந்திருப்பதாக ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கைதான் தோவாளையில் என் வீட்டில் ஆளுயரம் செழித்து நின்ற தொட்டிச் செடியின் பிராணனை வாங்கியது.

பட்டாசாலையின் கிழக்கு ஜன்னலோரம் நான் வைத்திருந்த அச்செடியை, ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கும் என் மனைவியின் தமையனார், நான் வெளியூர் சென்றிருந்த ஒரு மார்கழியில், "வெயிலு காணாம எந்த ரப்பர் வளரும்?" என்று சொல்லி, மேற்குப் பார்த்த படிப்புரைக்குத் தூக்கி வைத்துவிட்டார். மிதமான ஒளியில் பழகிய இலைகள் பிற்பகல் வெயிலில் கருகி ஒவ்வொன்றாக விழ, திரும்பி வந்து பதைத்துக் கேட்ட என்னிடம் அவர் சொன்னது இது: "மாப்பிள்ளே, தை மாசம் ரப்பரு எல உதுக்கத்தான் செய்யும், பெறவு தளிர்க்கும்லா!"

அவருடைய வாக்கு தோட்டத்து ரப்பருக்கு முற்றிலும் சத்தியம். அமேசான் காடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட அந்த விருட்சம் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துத் தளிர்க்கும் சுபாவமுடையது. நாம் தொட்டியில் வளர்ப்பதோ அஸ்ஸாம், மேகாலயப் பிரதேசங்களைச் சேர்ந்த வேறொரு ஜாதி. ஆலுக்கும் அரசுக்கும் நெருங்கிய பந்து. வருஷம் முழுவதும் பசுமை மாறாதது. அது ஒருமிக்க இலை உதிர்ப்பது பருவத்தின் லட்சணமன்று, ஆபத்தின் லட்சணம். வீட்டார் அவர் சொல்லை நம்பி, இலையற்ற செடிக்கும் வழக்கம்போல் தண்ணீர் வார்த்து வந்ததில், மாசி முடியுமுன் வேர் அழுகிப்போயிற்று.

ஸ்தானம் தெரிந்தெடுப்பதில் மேனாட்டுப் புத்தகங்களும் நமக்கு உதவா. தென்புற ஜன்னலுக்குத்தான் வெயில் வரும் என்பது குளிர்தேசத்து நியாயம். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 8 பாகையில் இருக்கும் நமக்கோ, சித்திரை பிறந்தது முதல் ஆவணி நடு வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்தும், மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்தும் செல்வதால், அவ்விரு திசை ஜன்னல்களின் ஒளியும் பருவந்தோறும் மாறிக்கொண்டே இருக்கும். ஆண்டு முழுவதும் இளவெயிலையும், அதன்பின் நாளெல்லாம் தெளிந்த வெளிச்சத்தையும் தருவது கிழக்கு ஜன்னல் ஒன்றே என்பது என் திடமான அபிப்பிராயம். இருட்டு மூலையில் வைத்தால் கணுக்கள் விலகி, தண்டு நீண்டு மெலியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேரே பாயும் வாசலும் ஆடியில் ஆகாது. இடம் மாற்றியே தீரவேண்டுமானால் சிறிது சிறிதாகப் புது வெளிச்சத்துக்குப் பழக்குக. ஒடித்தால் வடியும் பால் சருமத்தை உறுத்துமாகையால் குழந்தைகள் கைக்கு எட்டாதிருப்பதும் நலம்.

தொட்டிக்குப் பெரிதாகிவிட்டதென்று கிணற்றருகிலோ சுவரோரத்திலோ நட்டுவிடச் சொல்வார்கள். மேகாலயத்தில் காசி மக்கள் இம்மரத்தின் உயிருள்ள வேர்களைப் பின்னியே ஓடைகளுக்குப் பாலம் அமைக்கிறார்கள். அவ்வேரின் முன் நம் கிணற்றுச் சுவர் நில்லாது. சொல்பவர் எவ்வளவு பெரிய தோட்டக்காரராயினும் சம்மதிக்க வேண்டாம்.