உப்பை அறுத்தெடுக்கலாம்: வங்காரவாசி நடும் முறை

மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய சாலையோரங்களில், தரையோடு தரையாகப் படர்ந்து இளஞ்சிவப்பு நட்சத்திரங்களாகப் பூக்கும் செடி வங்காரவாசி. ஓர்ப்பூடு என்ற பெயரும் இதற்கு உண்டு. புல்லும் கருகும் உவர்த்தரையில் இது பச்சையாக நிற்பதால், நட்டுவிட்டாலே நிலம் திருந்திவிடும் என்று எண்ணத் தோன்றும். செடி உப்பை உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் அந்த உப்பு செடியின் இலையில்தான் சேர்கிறது. இலை உதிர்ந்து அங்கேயே மட்கினால் உப்பும் அதே மண்ணுக்குத் திரும்பிவிடும். அறுத்து வெளியே கொண்டுபோனால்தான் நிலத்துக்குப் பலன். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த அறுவடையை நோக்கியதுதான்.

முதல் வேலை மண் பரிசோதனை. மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். நெல் விளைச்சல் 3-ஐத் தாண்டும்போதே குறையத் தொடங்கும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், மழை பெய்தால் சேறாகக் குழைந்து காய்ந்தால் கல்லாக இறுகும் மண் களர். அதற்கு ஜிப்சமும் வடிகாலும்தான் முதல் மருந்து. இந்த வேறுபாடு தெரியாமல் எதை நட்டாலும் உழைப்பு வீண்.

அடுத்தது செடியைச் சரியாக அடையாளம் காண்பது. வங்காரவாசியின் தண்டு செம்மை ஓடியது; கணுக்கள் தரையைத் தொடும் இடத்தில் வேர்விடும். இலைகள் எதிரெதிராக, நீண்டு, சதைப்பற்றோடு பளபளக்கும். கிள்ளினால் நீர் கசியும், நாக்கில் வைத்தால் கரிக்கும். பூ மஞ்சளாக இருந்தால் அது பருப்புக்கீரை. இலை வட்டமாகவும் பூ கணுவுக்குள் ஒளிந்தும் இருந்தால் சாரணை. இலை குச்சிபோல் ஒல்லியாக, பூ கண்ணுக்கே தெரியாமல் இருந்தால் உமரி. பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற காப்புக்காடுகளில் நாற்றுக்காகக் கை வைக்க வேண்டாம். வாய்க்கால் கரையில் படர்ந்த கொடியே போதும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும் தை மாதம் நடவுக்கு ஏற்றது. கோடையில் ஈரம் ஆவியாகி மேலேறும்போது அடிமண் உப்பும் கூடவே மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். அந்த மாதங்களில் செடி தரையை மூடியிருக்க வேண்டும். ஒரு சாண் நீளத் துண்டில் நாலைந்து கணு இருக்கட்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஓரடி இடைவெளியில் ஊன்றி, வேர்பிடிக்கும்வரை மண் காயாமல் தண்ணீர் விடவும். கொடி அடர்ந்ததும் தரைக்கு மேல் இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும். மழைக்காலம் தொடங்குமுன் கடைசி அறுப்பை முடித்து, கொடியை வயலைவிட்டு அகற்றிவிட வேண்டும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு கணக்கிலிருந்து வருகிறது. தமிழகத்தில் செய்யப்பட்டு 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, நான்கு மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து வங்காரவாசி 474 கிலோ, உமரியினத்துச் செடி 504 கிலோ உப்பை எடுக்க முடியும் என்று மதிப்பிட்டது. ஒரு ஹெக்டேரில் அரையடி ஆழ மண் ஏறத்தாழ 2,000 டன் இருக்கும். அதில் அரை விழுக்காடு உப்பென்றாலே 10 டன் ஆகிறது. வங்காரவாசியின் ஒரு பருவ அறுவடை அதில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மறுப்பு நியாயமானது, அதனால்தான் இதைத் தனி மருந்தாக நம்பக் கூடாது. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிகாலில் விடுவதே பெரிய வேலை. ஆனால் அந்த மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே வெற்று நிலம் மறுபடி உப்பேறுகிறது. அந்த இடைவெளியில் தரைக்கு நிழல் கொடுத்து, வேரால் மண்ணைத் துளைத்து, மழைநீர் இறங்க வழி செய்வது இந்தச் செடி. நாற்றுக்குக் காசும் வேண்டாம்.

அறுத்ததை என்ன செய்வது என்பதற்கும் வழி உண்டு. தென்னங்குழியில் உப்பு போடும் வழக்கம் நமக்குப் பழையது. வடிகால் உள்ள தென்னந்தோப்பில் இதை மூடாக்காகப் போடலாம். ஆட்டுக்கு மற்றத் தீவனத்தோடு கொஞ்சம் கலந்து, நல்ல தண்ணீரும் வைக்கலாம். கீரையாகச் சமைப்பவர்கள் வேகவைத்த நீரை இரண்டு மூன்று முறை வடித்துவிடுவது அவசியம்; இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது. சாலையோரத்திலும் ஆலைக் கழிவுநீர் ஓடும் இடத்திலும் பறித்ததைச் சமைக்கவே கூடாது. உப்பை இழுக்கும் இந்தச் செடி ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களையும் இழுத்துவைக்கும். மண்ணில் இருப்பதைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் குணம்தான் இதன் பயன். வாங்கியதை நிலத்தைவிட்டு வெளியே கொண்டுபோவது நம் பொறுப்பு.