மடலூரத் துணிந்த நாயகி

பிரணயம் என்பது முதிர்ந்த அன்பு. அவ்வன்பினின்றே பிறக்கும் கோபம் பிரணயரோஷம் எனப்படும். பகையினால் வருங்கோபம் பகைவனை விட்டு நீங்கச் செய்யும். பிரணயரோஷமோ நீங்கவும் ஒட்டாது, பொறுத்திருக்கவும் ஒட்டாது. இவ்விரண்டுக்கும் நடுவே தவிக்கும் உள்ளத்தைத் திருமங்கையாழ்வார், பரகாலநாயகி என்னும் பெண் நிலையில் நின்று, சிறிய திருமடலில் காட்டியருளுகிறார்.

கண்ணனின் குடக்கூத்தைக் காணச் சென்ற நாயகி மேனி நிறம் இழந்தாள். அவள் கைவளைகள் கழன்றன. கட்டுவிச்சி குறி பார்த்து, இந்நோய் செய்தவன் எம்பெருமானே என்றாள். நாயகி தன் நெஞ்சையே தூது விடுத்தாள். சென்ற நெஞ்சும் திரும்பவில்லை. இனி மடலூர்வதே வழி என்று துணிந்தாள்.

மடலூர்தலாவது, காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் குதிரை செய்து, அதன்மேல் ஏறி, ஊரறியத் தன் குறையை வெளியிடுதல். பெண்டிர்க்கு இது ஆகாதென்பது தொல்காப்பிய விதி. நாயகி நாணையும் விதியையும் ஒருங்கே கடந்தாள். தன்னை வருத்தினவனுக்குப் பழி விளைக்க வேண்டும் என்பதே அவள் எண்ணம்.

இங்கே ஒரு விசேஷம் உண்டு. பழி தூற்றப் புறப்பட்டவள் வாயில் வருவன யாவை? அவன் உகந்து உறையும் திவ்யதேசங்களின் பெயர்களே. தாம்பரத்தை அடுத்த திருநீர்மலையும், கோவளத்தை அடுத்த திருவிடவெந்தையும் அவ்வரிசையில் சேர்ந்தே வருகின்றன. அவன் ஆயிரம் பேரையும் பிதற்றிக்கொண்டு ஊர்தோறும் திரிவேன் என்கிறாள். அச்சுறுத்தல் க்ஷேத்திர யாத்திரையாயிற்று, வசவு நாமஸங்கீர்த்தனமாயிற்று.

இவ்வாழ்வாரே நீர்மலைக்கு எழுந்தருளியபோது, மலையை நீர் சூழ்ந்திருந்தமையால் ஆறு மாதம் காத்திருந்து ஸேவித்தார் என்பது ஐதிஹ்யம். காத்திருந்த பொறுமையும் மடலெடுத்த ஆற்றாமையும் ஒரே திருவுள்ளத்தில் விளைந்தவை. திருவிடவெந்தைப் பதிகத்திலோ, மகளின் மெலிவைக் கண்ட தாயின் நிலையில் நின்று, இவள் திறத்தில் உன் திருவுள்ளம் யாதென்று எம்பெருமானையே வினவுகிறார்.

ஆகவே, விவாஹம் கைகூட வேண்டி நித்யகல்யாணப் பெருமாள் ஸந்நிதியில் மாலையுடன் வலம் வருவோரும், நேசித்தவரால் கைவிடப்பட்டோரும், நெஞ்சில் சினமும் ஆசையும் கலந்திருத்தல் கண்டு கூசவேண்டா. அன்பு பொய்யாயிருந்திருப்பின் இத்தனை சினம் எழாது. ஆயின் ஒன்று கருதத்தக்கது. மானிடர்மேல் மடலெடுத்தால் அது அவரையும் சுடும்; எடுத்தவரையும் சுடும். எம்பெருமானோ அடியார் இடும் பழியையும் மாலையாக ஏற்பவன். ஆற்றாமையை அவன் திருமுன்பே கொட்டுவோமாக. சென்ற நெஞ்சு அவனிடமே தங்குமாயின், அதனை இழவென்று யார் சொல்லுவர்?