ஸ்பெண்ட்: பணம் செலவாகுமா, நாம் செலவழிப்போமா?

போன இதழில் 'லெண்ட்', 'பாரோ' இரண்டையும் பிரித்துப் பார்த்தோம். கடன் வாங்கி முடித்தால் அடுத்து செலவுதானே! இந்த மாதம் 'ஸ்பெண்ட்'. செலவழிப்பது என்று அர்த்தம், இதில் படிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் நம் பிள்ளைகள் எஸ்.பி.எம். கட்டுரையிலும், அதைவிட முக்கியமாக நம் கிளைகளின் ஆண்டறிக்கையிலும், அடிக்கடி சறுக்குகிற சொல் இது. மலாயும் தமிழும் நம் தலைக்குள் முன்னாடியே உட்கார்ந்திருப்பதுதான் காரணம்.

முதலில் மலாயை முடித்துவிடுவோம். மாமாக் கடையில் "இன்னிக்கு நான் பெலாஞ்சா" என்கிறோம். மலாயில் 'பெலாஞ்சா' என்றால் செலவும்தான், அடுத்தவருக்கு வாங்கிக் கொடுப்பதும்தான். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு "ஐ ஸ்பெண்ட் யூ லஞ்ச்" என்கிறார்கள். நம் நாட்டில் யாருக்கும் புரியும், கூட்டாளிகளிடம் பேசும்போது நான் திருத்தவும் மாட்டேன். பரீட்சைத் தாளில் மட்டும் வேண்டாம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் பணம் வரலாம், நேரம் வரலாம், சக்தி வரலாம். ஆள் வரக்கூடாது. ஆளை எப்படிச் செலவழிப்பது? வாங்கிக் கொடுப்பதற்கு 'ட்ரீட்' இருக்கிறது: "ஐ வில் ட்ரீட் யூ டு லஞ்ச்."

இனி தமிழ் செய்யும் குறும்பு. "புத்தகத்துக்கு 50 ரிங்கிட் செலவு பண்ணேன்" என்று மனசுக்குள் ஓடும். அந்த 'க்கு'வைப் பார்த்ததும் கை 'ஃபார்' என்று எழுதிவிடும். எதை வாங்கினோம், எதில் போட்டோம் என்று சொல்லும்போது 'ஆன்' வரவேண்டும்: "ஐ ஸ்பெண்ட் ஃபிஃப்டி ரிங்கிட் ஆன் புக்ஸ்." இறந்தகாலம் என்றால் 'ஸ்பெண்டட்' என்று இழுக்காதீர்கள், அப்படி ஒரு சொல்லே கிடையாது. கடைசியில் இருக்கும் 'டாக்' எழுத்தை எடுத்துவிட்டு 'டேபிள்' எழுத்தைப் போடுங்கள், முடிந்தது. போன மாதம் பார்த்த 'லெண்ட்'டும் அப்படித்தான். அனுப்புவதற்கான 'செண்ட்'டும் அதே ஜாதி.

நேரத்தைச் சொல்லும்போது இன்னொரு விதி. மண்டபத்தைச் சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம் ஆனது என்றால், 'டு கிளீன்' இல்லை, 'கிளீனிங்': "வி ஸ்பெண்ட் டூ அவர்ஸ் கிளீனிங் த ஹால்." இங்கே ஒரு சின்ன வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது தமிழ்க் கட்டுரைகளில் "பாட்டியுடன் நேரம் செலவழித்தேன்" என்று எழுதுகிறார்கள். இது ஆங்கிலத்துக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. பாட்டியிடமே அப்படிச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். "பாட்டி வீட்டுல இருந்தேன்" என்றால் போதாதா? தமிழில் பொழுதைக் கழிப்போம், பொழுதைப் போக்குவோம்.

சொல்லின் வேருக்குப் போனால்தான் நம் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 'ஸ்பெண்ட்' லத்தீன் மொழியின் 'எக்ஸ்பெண்டெரே'விலிருந்து வந்தது. எடை போட்டுக் கொடுப்பது என்று பொருள். பழங்காலத்து ரோமில் வெண்கலத்தைத் தராசில் நிறுத்துத்தான் கடனை அடைத்தார்கள். கடிகாரத்தில் தொங்கும் 'பெண்டுலம்', தாத்தா வாங்கும் 'பென்ஷன்' எல்லாம் அந்தத் தராசுக் குடும்பம்தான். தராசு என்றால் அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

நம் 'செலவு' வேறு கதை. அது 'செல்' என்ற சொல்லிலிருந்து வந்தது, போவது என்று அர்த்தம். சங்க இலக்கியத்தில் செலவு என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வாட்டத்தைக் கண்டு பயணத்தை நிறுத்திக்கொள்வதற்குச் 'செலவழுங்குதல்' என்று பெயர். அன்றைக்குப் பொருள் தேடி ஆள் போனது செலவு, இன்றைக்கு ஆளை விட்டுப் பொருள் போவது செலவு! வடமொழியின் 'வ்யய' என்பதிலும் போவது என்ற வேர்தான் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டில் பஞ்சாங்கத்தைப் பிரித்து நம் ராசிக்கு ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு என்று பார்க்கிறோமே, அந்த விரயம் இதுதான். 2006 சித்திரையில் பிறந்த ஆண்டின் பெயரும் 'விய'. அந்த வருஷத்துப் பிள்ளைகளைக் கையில் காசு தங்காது என்று யாராவது கிண்டல் செய்தால், அதே சொல்லுக்கு முன்னால் 'அ' சேர்த்தால் குறையவே குறையாதது, 'அவ்யய', விஷ்ணு சகஸ்ரநாமத்தில் வரும் திருநாமம் என்று பதில் சொல்லுங்கள்.

ஆக, தமிழில் பணம் தானாகவே நடந்து போய்விடும். "பந்தலுக்கு 1,200 ரிங்கிட் செலவாயிடுச்சு." தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் கணக்கை இப்படித்தான் சொல்வோம். யார் செலவழித்தார்கள் என்ற பேச்சே வராது. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் பந்தலையே செலவழிக்க வைக்கிறார்கள்: "த ஸ்டால் ஸ்பெண்ட்..." பந்தலுக்குக் கை ஏது? பொருளோ நிகழ்ச்சியோ முன்னால் வந்தால் 'காஸ்ட்' போடுங்கள். இன்னும் சிலர் "த மனி வாஸ் ஸ்பெண்ட்" என்று நிறுத்திவிடுகிறார்கள். இலக்கணம் சரி. ஆனால் கணக்கறிக்கைக்கு அது பத்தாது என்பது என் கருத்து.

ஏன் என்றால், 1966 சங்கச் சட்டப்படி பதிவான எந்த இயக்கமும் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்குக் கொடுக்க வேண்டும். அதைவிட, அந்தப் பணம் யாரோ ஓர் அம்மா மார்க்கெட் காசில் மிச்சம் பிடித்து நம்மிடம் கொடுத்த பத்து வெள்ளி. அவர் கேட்பது, யார் எடுத்தது, எதில் போட்டது என்ற இரண்டே கேள்விதான். 'ஸ்பெண்ட்' இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. முன்னால் ஆள், பின்னால் 'ஆன்' போட்டுப் பொருள்: "த கமிட்டி ஸ்பெண்ட் சிக்ஸ் ஹண்ட்ரட் ரிங்கிட் ஆன் ஐஸ் அண்ட் சிரப்." அடுத்த வரியில் மீதி 600 எங்கே என்று எழுதியாக வேண்டும். இப்படி எழுதப் பழகிய பொருளாளரிடம் கூட்டத்தில் யாரும் எழுந்து நின்று கேள்வி கேட்பதை நான் பார்த்ததில்லை.

ஒரு சின்ன உபயோகம் பாக்கி. பத்துமலையின் 272 படியும் காவடியோடு ஏறி இறங்கியவர் "ஐ ஆம் ஸ்பெண்ட்" என்றால் காசு தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள், உடம்பில் சக்தி தீர்ந்துவிட்டது. இதற்கும் கடைசியில் 'டேபிள்' எழுத்துத்தான்.

இந்த மாதப் பயிற்சி. கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதி ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். "தேவாரப் போட்டிப் பரிசுகளுக்கு 300 வெள்ளி செலவாச்சு." "அண்ணன்தான் நேத்து எங்களுக்குப் பெலாஞ்சா பண்ணாரு." "கோலம் போட மூணு மணி நேரம் ஆச்சு." முதல் வாக்கியத்தில் யார் செலவழித்தது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கிளைப் பொருளாளரிடம் கேட்டு எழுதுங்கள்.