மோட்டர் இரையுதா, பேசாமல் கிடக்குதா?

மொன்றியல் செயின்ட்-மிஷேலில் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கிணறு இல்லை. நகரசபைக் குழாய்த் தண்ணீர்தான். ஆனாலும் ஊரில் கிணற்று மோட்டர் மக்கர் பண்ணினால் அழைப்பு எனக்குத்தான் வரும். அங்கே இருந்த காலத்தில் மோட்டர் திருத்திய கை. யாழ்ப்பாணத்தில் காலை 7 மணி என்றால் கோடையில் இங்கே இரவு ஒன்பதரை. "அண்ணை, மோட்டர் வேலை செய்யேல்லை" என்பாள் தங்கச்சி. "சுவிச்சைப் போட்டால் சத்தம் ஏதும் கேக்குதோ?" என்பதுதான் என் முதல் கேள்வி. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

சத்தமே இல்லை

மோட்டரைத் தொடவே வேண்டாம். வீட்டில் மற்ற லைட்டுகள் எரிகின்றனவா, ட்ரிப் சுவிச் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஒருமுறை தூக்கலாம். திரும்பவும் விழுந்தால் எங்கோ கறண்ட் கசிகிறது. எலக்ட்ரீசியன் வரும்வரை அப்படியே விடுங்கள். ட்ரிப் விழவில்லை என்றால் தண்ணீர்த் தாங்கியின் மிதவைச் சுவிச் சிக்கியிருக்கலாம். தானாக ஓடும் மோட்டர்களில் பிரஷர் சுவிச்சின் முனைகளுக்கு இடையே எறும்பு புகுந்து நசுங்கிக் கிடப்பதும் ஊரில் சாதாரணம். மெயினை நிறுத்திவிட்டுத் துடைத்தால் போதும்.

இரையுது, சுத்தேல்லை

உடனே நிறுத்த வேண்டியது இந்த வகைதான். சுற்றாமல் நிற்கும் மோட்டர் வழக்கத்தைவிடப் பல மடங்கு கறண்டை இழுக்கும். கொஞ்ச நேரத்தில் கொயில் எரிந்துபோகும். மெயினை நிறுத்திய பிறகு பின்பக்க மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கப்பாசிட்டர்தான் போயிருக்கும். வயிறு உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ சந்தேகமே இல்லை. கறண்டை நிறுத்திய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், முனைகளில் கைவைக்காதீர்கள். புதிதாகப் போடுவதில் மைக்ரோபாரட் அளவு அதேயாக இருக்க வேண்டும். வோல்ற் குறையக் கூடாது.

விசிறி அசையவே இல்லையென்றால் உள்ளே துருவோ சுண்ணாம்போ பிடித்திருக்கிறது. செயின்ட்-மிஷேலில் பிராங்கோன் என்ற பழைய கல்லுக்குழி இருக்கிறது. அங்கே வெட்டியதும் சுண்ணாம்புக்கல், எங்கள் குடாநாட்டின் அடித்தளமும் சுண்ணாம்புக்கல். அதனால் கிணற்றுத் தண்ணீர் கடினம். நாள்கணக்கில் ஓடாத மோட்டர் இறுகிவிடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போகிறவர்கள், கிழமைக்கொருமுறை யாரையாவது வந்து ஓடவிடச் சொல்லுங்கள்.

விசிறியும் நல்லது, கப்பாசிட்டரும் நல்லது என்றால் வோல்ற்றேஜை அளந்து பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, மோட்டர் புறப்படும் விசை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும்.

சுத்துது, தண்ணி வரேல்லை

கரையில் இருக்கும் மோட்டர் என்றால், குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. தண்ணீர் விட்டு நிரப்பி ஓட்டுங்கள். அடுத்த நாளும் அதே கதையென்றால் கிணற்றுக்குள் இருக்கும் புட் வால்வு ஒழுகுகிறது. கரை மோட்டர் நடைமுறையில் 7, 8 மீற்றருக்குக் கீழேயிருந்து தண்ணீரை இழுக்காது. மழைக்கு முந்திய ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் இறங்கும்போது பழுது மோட்டரில் இல்லை. அதற்காகக் குழாயை அடிமட்டம்வரை இறக்காதீர்கள். குடாநாட்டில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் நிற்கிறது; அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும்.

இங்கேயிருந்து மோட்டர் வாங்கி அனுப்பலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. வேண்டாம். கனடா மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50. அந்த மோட்டர் அங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். தண்ணீரை உயரத்துக்குத் தள்ளும் வலு ஏறத்தாழ 70 வீதமாகிவிடும். வோல்ற்றேஜும் பொருந்தாமல் போகலாம். காசை அனுப்புங்கள், மோட்டரை ஊரிலேயே வாங்கட்டும்.

மோட்டர் நன்றாக ஓடும்போதே அதன் பெயர்த்தகட்டையும் கப்பாசிட்டரில் எழுதியிருப்பதையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். துரு ஏறிய பிறகு அந்த எழுத்தை எவராலும் வாசிக்க முடியாது. படம் இருந்தால் கடைக்காரர் அன்றைக்கே சாமான் எடுத்துத் தருவார். இல்லையென்றால், கழற்றிக் கொண்டுபோய்க் காட்டி வாங்கி வரும்வரை வீட்டில் வாளியும் கயிறும்தான்.