கீழ்நீர் எழுச்சியும் கரையோர மீன்பிடிப்பும்

வெப்பமண்டலக் கடல்நீர் கோடை முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும் எனக் கருதுவது இயல்பு. ஏப்ரல், மே மாதங்களில் கேரளக் கரையோர மேற்பரப்பு நீர் 29 அல்லது 30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணநிலையை அடைகிறது. ஆயின் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்நீர் பல டிகிரி குளிர்ந்துவிடுகிறது. மழையும் மேகமும் மட்டும் இதற்குக் காரணமல்ல. ஆழத்திலுள்ள குளிர்நீர் மேலெழுதலே முக்கிய காரணமாகும்.

இப்பருவத்தில் வடமேற்கிலிருந்து கரையை ஒட்டித் தெற்கு நோக்கிக் காற்று வீசுகிறது. வடகோளார்த்தத்தில், பூமியின் சுழற்சியினால், மேற்பரப்பு நீர் காற்று செல்லும் திசைக்கு வலப்புறமாக ஒதுங்கும். இவ்வாறு நீர் கரையை விட்டு விலகவே, அவ்விடத்தை நிரப்பக் கீழ்நீர் ஏறி வருகிறது.

இந்நீர் நைட்ரேட், பாஸ்பேட் முதலிய உப்புக்களைக் கொணர்கிறது. அவற்றால் நுண்ணிய மிதவைத் தாவரங்கள் செழிக்கின்றன. மத்தி போன்ற மீன்கள் இரை பெறுகின்றன. எனினும் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. குளிர்நீரில் பிராணவாயு மிகுதியாகக் கரையும் என்பது பாடநூல் விதி. ஆனால் இந்நீர் நெடுங்காலம் காற்றுடன் தொடர்பற்று இருந்தது. அழுகும் பொருள்கள் அதன் பிராணவாயுவைச் செலவிட்டுவிட்டன. 30 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 4.4 மில்லிலிட்டர் பிராணவாயுவைக் கொள்ளவல்லது. கீழ்நீரிலோ அது 0.5 மில்லிலிட்டருக்கும் குறைதல் உண்டு.

அத்தகைய நீர் அடித்தளத்தைச் சூழும்போது, அங்கு வாழும் மீன்களும் இறால்களும் கரைநோக்கி ஒதுங்குகின்றன. அப்போது கரைவலையில் மீன் குவியலாம். சற்று ஆழத்தில் இழுவலை வெறுமையாக வரலாம். இத்தொடர்பைக் கார்ல் பான்சே 1959-இல் எடுத்துக்காட்டினார். ஆதலின் முன்னதைக் கொண்டு மீன்வளம் பெருகிற்று என்றோ, பின்னதைக் கொண்டு அழிந்தது என்றோ அறிக்கை எழுதுதல் பிழையாகும். கேரளத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகு இழுவலைக்குத் தடை இருப்பதால், இழுவலைக் குறிப்புகளை ஆகஸ்டு, செப்டம்பரில் எடுத்தல் வேண்டும்.

ஊழியர் கவனிக்க வேண்டியவை:

1. மேற்பரப்பில் மட்டுமன்றி அடித்தளத்திலும் உஷ்ணநிலையை அளக்கவும்.

2. பிராணவாயுச் சோதனைக்கான புட்டியைக் குமிழியின்றி நிரப்பி, படகிலேயே உடனே மருந்து சேர்க்கவும்.

3. மீனின் எடையுடன் வலையின் வகை, ஆழம், காற்றின் திசை ஆகியவற்றையும் குறிக்கவும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டலாம். நீண்ட கண்ணாடித் தொட்டியில் வெதுவெதுப்பான நீரின் அடியில், சாயமிட்ட குளிர்ந்த உப்புநீரைக் குழாய் வழியே மெல்லச் செலுத்துக. ஒரு முனையிலிருந்து விசிறியால் காற்று வீசினால், அம்முனையில் சாயநீர் உயர்வதைக் காணலாம். பூமியின் சுழற்சி இச்சோதனையில் இடம்பெறவில்லை என்பதையும் மாணவருக்கு விளக்குதல் நலம்.