கீட்டோ இருக்கலாமா? நான் யோசித்த விதம்

போன தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து காவடி எடுத்தவன் நான். அதனால், "மூணு மாசம் சோத்தை விடுறது என்ன பெரிய விஷயம்?" என்ற தைரியம் எனக்கு இருந்தது. எடை 94 கிலோ. நண்பர் ஒருவர் கீட்டோ டயட்டில் முதல் வாரத்திலேயே மூன்று கிலோ இறங்கியிருந்தார். நானும் தொடங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா உடனே, "நானும் உன்கூட இருக்கேன்யா, இனிப்புநீருக்கு நல்லதாமே?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னை நிறுத்தியது. அம்மா பத்து வருஷமாக இனிப்புநீருக்கு மருந்து சாப்பிடுகிறவர். எனக்குச் சரி என்று தோன்றுவது அவருக்கும் சரியாக இருக்குமா?

கீட்டோ முதலில் உடம்பு இளைக்க வந்ததல்ல. 1920களில் வலிப்பு நோய்க்குச் சிகிச்சையாக வந்தது. மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராமுக்குள் அடக்க வேண்டும். உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். ஒரு கிண்ணம் சோற்றிலேயே சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இட்லி, தோசை, வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட வேண்டியதுதான்.

அப்படியானால் நண்பர் இறக்கிய மூன்று கிலோ? நம் உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற பொருளாகச் சேர்த்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் போய்விடுகிறது. முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். தராசு பொய் சொல்லவில்லை, நாம்தான் அதைக் கொழுப்பு என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு வருஷம் போனால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டில் 609 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; 2018இல் முடிவு வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கினார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. அது கீட்டோ அளவுக்குக் கடுமையானதல்ல, உண்மைதான். ஆனால் இரண்டு பக்கமும் சீனியையும் வெள்ளை மாவையும் குறைத்து, காய்கறியைக் கூட்டச் சொன்னார்கள் என்பதைக் கவனிங்க.

அம்மாவின் அடுத்த கிளினிக் தேதிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் முதலில் மருந்துப் பையைத்தான் பார்த்தார். கிளிக்லசைட் போன்ற மாத்திரையைப் பழைய அளவிலேயே சாப்பிட்டுக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால், ரத்தத்தில் சீனி ரொம்பக் கீழே இறங்கி மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்தோடு கீட்டோ இருந்தால், சீனி அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. "டாக்டரைக் கேட்காம எதையும் மாத்தாதீங்கம்மா" என்றார்.

எனக்கு மருந்து எதுவும் இல்லை. நான் மட்டும் இருக்கலாமே? அங்கேதான் என் விரதத்தை நினைத்துப் பார்த்தேன். விரதத்துக்கு முடிகிற நாள் ஒன்று உண்டு. 49ஆம் நாள் நான் என்ன சாப்பிட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். சித்திரை பிறப்பதற்குள் இறங்கிய கிலோ எல்லாம் திரும்பிவிட்டது! கடவுளுக்கு எடுத்த விரதம் அப்படி முடியலாம், தப்பில்லை. எடைக்கு அது பத்தாது. இரண்டு வருஷம் கழித்தும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதைச் சாப்பிடுவேனா என்று கேட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சைவம், திருவிழாவுக்கு அன்னதானம், அத்தை வீட்டுத் தோசை. மாட்டேன். முட்டையும் மீனும் தினம் சாப்பிடும், மருந்து எடுக்காத வேறொருவருக்குப் பதில் வேறாக இருக்கலாம்.

இப்போது நான் செய்வது சாதாரணம். ஒரு மேசைக்கரண்டி கெட்டிப் பாலில் சுமார் 11 கிராம் சீனி. நாளைக்கு மூன்று தே தாரிக் குடித்தவன், ஒன்றோடு நிறுத்தினேன்; மற்ற நேரம் தே ஓ கோசோங். தட்டு நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ': கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது பருப்பு, அரைத் தட்டு காய்கறி, பழம். டாக்டரிடம் கேட்டுவிட்டு அம்மாவும் அதே தட்டுதான். ஆறு மாதத்தில் 89 கிலோ.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது, தண்ணீரைத் தவிர மூன்று நாளில் நீங்கள் குடித்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாங்க. என்னுடையதையும் கொண்டு வருகிறேன். அதில் ஒரு மைலோ ஐஸ் இருக்கும், சிரிக்கக் கூடாது.