தாழ்த்திய காருக்குத் தனி ஆர்ம் அவசியமா?



திருச்சுழிப் பக்கம் வத்தல், மல்லி வியாபாரம் செய்யும் நமது உறுப்பினர் ஒருவர் பழைய ஸ்விஃப்ட் கார் ஒன்றை வாங்கினார். அதை முன்பு வைத்திருந்த இளைஞர் அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டி, காரைச் சுமார் இரண்டு அங்குலம் தாழ்த்தியிருந்தார். வாங்கிய ஐந்தாம் மாதமே முன் டயர்கள் இரண்டும் உள் ஓரத்தில் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டன. வெளியே நின்று பார்த்தால் டயர் புதிது போலத்தான் இருந்தது. இந்த டயரோடுதான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மதுரை நான்கு வழிச் சாலையில் போய் வந்திருக்கிறார்!

காட்டிய பட்டறையில், “அண்ணாச்சி, நீளம் கூட்டிக் குறைக்கிற ஆர்ம் போடாம இதுல அலைன்மென்ட் நிக்காது” என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். கொடுப்பதா வேண்டாமா என்று நம்மிடம் வந்தார். வேறொரு இடத்தில் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று நாமும் கூடவே போனோம். தராசில் வைக்காமல் மூடைக்கு விலை பேசுவோமா?

அலைன்மென்டில் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு. மேலிருந்து பார்க்கும்போது இரு முன் சக்கரங்களும் நேராக இருக்கின்றனவா, முன்பக்கம் குவிந்தோ விரிந்தோ நிற்கின்றனவா என்பது டோ. எதிரே நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா என்பது காம்பர். கார் தாழ்ந்தால் லோயர் ஆர்மும் ஸ்டியரிங் டை ராடும் நிற்கும் கோணம் மாறும். அதனால் இரண்டுமே பிசகும். ஆனால் டயரைச் சீக்கிரம் தின்பது டோதான். நமது உறுப்பினரின் காரில் டயரின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 5 மில்லிமீட்டர் வித்தியாசம், வெளிப்பக்கமாக விரிந்திருந்தது. கணக்குப் போட்டால், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இரு டயரும் சேர்ந்து சுமார் 8 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகின்றன. அரத்தில் தேய்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

காம்பர் இடது 1.4 டிகிரி, வலது 1.6 டிகிரி உள்சாய்வு. இது சற்றுக் கூடுதல்தான். ஆனால் டோ சரியாக இருந்தால் இந்தச் சாய்வு ஐந்து மாதத்தில் டயரை அழிக்காது. டோவைத் திருத்த டை ராடு மரையைத் திருகினால் போதும். எந்தப் புதுச் சாமானும் தேவையில்லை. காம்பரையும் குறைக்க வேண்டுமானால், ஷாக் அப்சார்பரையும் சக்கரக் கட்டையையும் சேர்க்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றுக்குப் பதிலாகக் காம்பர் போல்ட் போட்டு ஒரு டிகிரி அளவுக்குச் சரி செய்யலாம்.

ஆர்ம் எப்போது தேவை? மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள கார்களிலும், பின்பக்கம் பல ஆர்ம் உள்ள பெரிய கார்களிலும், மிகவும் தாழ்த்தி, கம்பெனி கொடுத்த திருத்தத்துக்குள் சாய்வு அடங்காதபோது தேவைப்படலாம். ஒரு பக்கம் மட்டும் அளவு மாறினால் அது பெரும்பாலும் பள்ளத்தில் விழுந்து வளைந்த ஆர்ம். அங்கே சாதாரணப் புது ஆர்மே போதும். ஸ்விஃப்ட் போன்ற காரில் லோயர் ஆர்மை நீட்டினால் சக்கரத்தின் அடி வெளியே போய்ச் சாய்வு இன்னும் கூடும் என்பதையும் கவனிக்கவும். நமது வியாபாரிகள் பலர் வைத்திருக்கும், 2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டியில் முன்புறமும் முழு ஆக்சில், பட்டை ஸ்பிரிங்தான். அதில் இந்த ஆர்ம் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் வெட்டிய ஸ்பிரிங்கை அப்படியே விடுவது நமக்குச் சம்மதமில்லை. கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். அதன் மேல் போட்ட ரோடு அலை அலையாகிவிடுகிறது. டிக்கியில் நாலு சிப்பம் ஏற்றிக்கொண்டு அப்படிப்பட்ட ரோட்டில் போனால், தாழ்ந்த கார் அடி தட்டும். சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளரின் அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதையே.

உறுப்பினர் கம்பெனி ஸ்பிரிங்குகளை வாங்கிப் போட்டார். பட்டறையில் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. உயரம் மாறினால் டோவும் மாறும் என்பதால், ஸ்பிரிங் படியட்டும் என்று சில நாள் ஓட்டிவிட்டு, மறுபடி அலைன்மென்ட் பார்த்த பிறகே புது டயர் மாட்டினார். பழைய டயர் இரண்டும் இப்போது அவர் கடை வாசலில் கிடக்கின்றன. உள் ஓரத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் புரட்டிப் பார்க்கலாம்.